கிட்னி வரிசையில் வயசு பார்க்கலாமா? (61 வயது அப்பாவும் 26 வயதுப் பையனும்)

மேலூர்க்காரன் | சனி, இரவு 9.40

அப்பாவுக்கு 61 வயது. நாலரை வருடமாக டயாலிசிஸ். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வரும் கிட்னிக்குப் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. போன செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு நாங்கள் போகும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ஓ பாசிட்டிவ் ஒன்று வந்திருக்கு, எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்பி வாங்க." அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. பக்கத்துத் தெரு டாக்ஸிக்காரரை எழுப்பிக் கூட்டிப் போனேன்.

போனால் எங்களுக்கு முன்பே இன்னொரு குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. பையனுக்கு 26 வயது. இருப்பது ஒரு கிட்னி, கூப்பிட்டது இரண்டு பேரை. பட்டியலில் அப்பா முன்னால். அப்பாவுக்குச் சேராவிட்டால் அந்தப் பையனுக்கு. ரத்தம் எடுத்து, கிட்னி உடம்புக்குச் சேருமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். அப்போதுதான் பையனுடைய அண்ணன் சொன்னார். சண்டையாக இல்லை, சாதாரணமாகத்தான்: "தப்பா நினைக்காதீங்க. உங்க அப்பா வாழ்ந்து முடிச்சவர். நியாயமாப் பார்த்தா இது தம்பிக்குத்தான் போகணும்."

காலை ஆறரைக்கு ரிசல்ட். அப்பாவுக்குக் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், அதாவது சேராது. கிட்னி அந்தப் பையனுக்குப் போனது. நல்லா இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. வாசல் கடையில் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிப்பதெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்குக் கணக்கு, அதனால் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் சொன்னது சரிதானேடா" என்றார்.

அதுதான் நாலு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. வரிசையில் முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பது நியாயமா, அதிக நாள் வாழப் போகிறவருக்குக் கொடுப்பது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10.15

முதலில், அடுத்த முறை அப்பாவுக்குச் சேரட்டும். ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராகவே சொல்கிறேன். நான் அமெரிக்காவில் மருத்துவப் புள்ளியியல் பக்கம் வேலை பார்ப்பவன்.

அந்த அண்ணன் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது தவறில்லை. இறந்தவர் தந்த கிட்னி சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், நல்ல கிட்னி இருபதைத் தாண்டியும் ஓடும். இருபது வருடம் ஓடக்கூடிய ஒன்றை இன்னும் எட்டு வருடம் இருக்கப் போகிறவருக்கு வைத்தால் மிச்சப் பன்னிரண்டு வருடத்தையும் அவரோடு சேர்த்து எரிக்கிறோம். அந்தப் பன்னிரண்டு வருடம் இன்னொருவருடையது. அவர் பெஞ்சில் நம் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் அவருக்காகப் பேச ஆளில்லை.

இங்கே 2014 டிசம்பரிலிருந்து கிட்னி முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு விஷயம் பார்ப்பார்கள்: வயது, டயாலிசிஸ் எத்தனை வருடம், சர்க்கரை உண்டா, முன்பு உறுப்பு மாற்று நடந்திருக்கிறதா. கிட்னிக்கும் தனியாக மதிப்பெண். மிக நன்றாக ஓடும் என்று கணிக்கப்பட்ட முதல் 20 சதவீதக் கிட்னிகள், அதிக நாள் இருப்பார்கள் என்று கணிக்கப்பட்ட முதல் 20 சதவீத நோயாளிகளுக்கு முதலில் போகும். மற்ற கிட்னிகள் எல்லாருக்கும் பொது. கிழவர்களைத் தள்ளிவிடவில்லை, பொருத்தம் பார்த்தார்கள்.

நாலாவது பெஞ்சு | சனி, இரவு 10.22

கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். இப்போ கிட்னிக்கும் ஜாதகமா.

மேலூர்க்காரன் | சனி, இரவு 10.31

@கணக்குப்பிள்ளை அந்த எட்டு வருடம் எங்கிருந்து வந்தது சார்? எங்கள் தாத்தா 88 வரை வயலுக்குப் போனவர்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10.38

உங்கள் அப்பாவுக்கு எட்டு என்று சொல்லவில்லை, உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் மனசைக் காயப்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் நீங்கள் கேட்டது உங்கள் அப்பாவைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி. விதி தனி ஆளைப் பார்க்காது.

வார்டு சிஸ்டர் | சனி, இரவு 11.05

டயாலிசிஸ் வார்டில் 22 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். விதி தனி ஆளைப் பார்க்காது என்று பிள்ளை சொல்கிறார். நான் 22 வருடமும் தனி ஆட்களைத்தான் பார்த்தேன், அதையும் சொல்லவேண்டும்.

யார் நல்லா இருப்பார்கள் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கிட்னி வைத்த பிறகு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு மூன்றும் ஆயுசுக்கும் சாப்பிடவேண்டும். எங்களிடம் ஒரு பையன் இருந்தான், தறி ஓட்டுகிறவன். கிட்னி வைத்து ஒன்றரை வருடம் அருமையாக இருந்தான். அப்புறம் கிரியாட்டினின் (கிட்னி கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏற ஆரம்பித்தது. மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தேன், இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருந்தது. அரசாங்கத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் வாங்க வரவேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போச்சு, போகவர பஸ் காசு போச்சு. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மாதத்தை இரண்டு மாதமாக்கியிருக்கிறான். அவனைப் பொறுப்பில்லாதவன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

இப்படிப்பட்ட நூறு பேரை உங்கள் கணக்கில் போட்டால் என்ன வரும்? "கூலித் தொழிலாளிக்குக் கிட்னி சரியாக ஓடாது" என்று வரும். அப்புறம் அந்தக் கணக்கையே காட்டி அடுத்த கூலித் தொழிலாளிக்குக் கொடுக்காதே என்பீர்கள். கணக்கு தப்பில்லை பிள்ளை, அது அளப்பது கிட்னியை இல்லை, பஸ் காசை.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 11.30

சிஸ்டர், வருமானத்தையோ தொழிலையோ எந்த மதிப்பெண்ணிலும் சேர்க்கக் கூடாது. அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் சொன்ன நாலில் அது இல்லை.

ஆனால் வரிசை மட்டும் பணத்தைப் பார்க்காது என்று நினைக்கிறீர்களா? வரிசையில் முதலில் நிற்க முதலில் வந்திருக்கவேண்டும். முதலில் வருகிறவர் யார்? மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் கிரியாட்டினினைக் கண்டுபிடித்து, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பெரிய டாக்டரைப் பார்த்து, எல்லா டெஸ்ட்டையும் பத்து நாளில் முடித்துப் பதிகிறவர். ஸ்டீவ் ஜாப்ஸ் இருந்தது கலிபோர்னியாவில், 2009இல் அவருக்கு ஈரல் கிடைத்தது டென்னசியில். சட்டப்படிதான் நடந்தது. வேறு மாநிலத்திலும் பதிந்துகொள்ளலாம். கூப்பிட்டால் சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்க விமானம் மட்டும் வேண்டும்.

அதனால்தான் 2014 மாற்றத்தில் எல்லாரும் கவனிக்கத் தவறும் ஒரு வரி எனக்குப் பிடிக்கும். காத்திருந்த காலத்தைப் பதிந்த நாளிலிருந்து எண்ணாமல், டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினார்கள். தாமதமாகப் பதிந்த ஏழைகளுக்கு, குறிப்பாகக் கறுப்பின நோயாளிகளுக்கு, இழந்த வருடங்கள் திரும்பக் கிடைத்தன. அவர்களுக்குக் கிட்னி கிடைப்பது உடனே கூடியது.

மேலூர்க்காரன் | சனி, இரவு 11.41

இது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்றரை வருடம், இப்படி ஒரு பட்டியல் இருப்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு டீச்சரம்மா சொல்லித்தான் பதிந்தோம்.

பழைய கோஆர்டினேட்டர் | ஞாயிறு, காலை 6.20

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் இழையைப் படித்தேன். உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராகப் பதினோரு வருடம் இருந்தவன். அமெரிக்காவைப் பற்றிப் பேசுமுன் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள், திருக்கழுக்குன்றம். அவர்களாகவே முன்வந்து உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி இதயத்தை முகப்பேருக்குக் கொண்டுபோனதை மாநிலமே டிவியில் பார்த்தது. அந்த வருடமே அரசாணைகளோடு மாநிலத் திட்டம் முறைப்படி வந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், எங்கள் வாயில் டிரான்ஸ்டான்.

அதில் வகுத்த பங்கீட்டைக் கவனியுங்கள். மூளைச்சாவு நடந்தது தனியார் மருத்துவமனை என்றால் இதயம், ஈரல், ஒரு கிட்னி ஆகியவற்றில் அந்த மருத்துவமனை நோயாளிகளுக்கு முதல் உரிமை. இன்னொரு கிட்னி பொதுவுக்கு, அதில் அரசு மருத்துவமனைக்கு முன்னுரிமை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதுதான் ஓடியது. ஆக 61ஆ 26ஆ என்ற கேள்வி வருவதற்கு முன்பே, "எந்த ஆஸ்பத்திரியில் பதிந்தீர்கள்" என்ற கேள்வி பாதியை முடிவு செய்துவிடும். நிறைய விபத்துக் கேஸ் வரும் பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்தவருக்கு ஒரு வரிசை, சின்ன ஊரில் பதிந்தவருக்கு வேறு வரிசை.

இது அநியாயமா என்றால் ஆமாம். ஏன் இப்படி வைத்தார்கள் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. மூளைச்சாவு என்று அறிவிப்பது சும்மா இல்லை. வென்டிலேட்டரைக் கழற்றி, தானாக மூச்சு வருகிறதா என்று கார்பன் டை ஆக்சைடு ஏறும்வரை நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும். நாலு டாக்டர்கள் கையெழுத்து, போலீஸ், போஸ்ட்மார்ட்டம். நடுவில் ரத்த அழுத்தம் விழாமல் ஐசியூவில் காப்பாற்றவேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு எல்லா உறுப்பையும் வெளியே அனுப்பு என்றால் பல ஆஸ்பத்திரிகள் மூளைச்சாவை அறிவிக்கவே மாட்டார்கள். அந்த ஒரு கிட்னி கூலி மாதிரி. அதைப் பிடுங்கினால் நியாயம் கூடும், கிட்னி குறையும். 2023இல் மாநிலத்தில் 178 பேர், 2024இல் 268 பேர் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தார்கள். காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த எண் குறையும் எதற்கும் நான் கைதூக்க மாட்டேன்.

நாலாவது பெஞ்சு | ஞாயிறு, காலை 8.02

அண்ணன் சொன்ன அந்தக் "கூலி" எங்கே போச்சுன்னு 2018ல பார்த்தோமே. சென்னையில இதயமும் நுரையீரலும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகுதுன்னு ஊரே நாறியது. முந்தின வருசம் மாற்றிய இதயத்துல கால்வாசி, நுரையீரல்ல மூணுல ஒண்ணுன்னு பேப்பர்ல போட்டாங்க. கேரளா முதலமைச்சரே பாலக்காட்டுப் பையன் கேஸுக்காக நம்ம முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். வயசாவது வருசமாவது. பேங்க் பேலன்ஸ்தான் கிராஸ்மேட்ச்.

பழைய கோஆர்டினேட்டர் | ஞாயிறு, காலை 8.40

தம்பி, அந்த நாட்களில் நான் வேலையில் இருந்தேன். நடந்ததில் தப்பு நடந்த இடங்களும் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் இதயம் நாலு மணி நேரம்தான் தாங்கும், கிட்னி போல ஒரு நாள் ஐஸில் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போடுவேன். "இந்த ரத்த வகைக்கு, இந்த எடைக்கு நம் நாட்டு நோயாளி யாராவது?" இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் வெளிநாட்டவர் ஒருவர் இருப்பார். வேண்டாம் என்றால் குப்பைக்குப் போகும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நியாயமான கேள்வி வேறு: ஏன் நம் நாட்டு நோயாளி இல்லை? இதயம் கெட்டுப்போனவர்கள் இல்லாமலா? பல லட்சம் கட்ட முடியாததால் பட்டியலுக்கே வரவில்லை. வெளிநாட்டவர் அவர்களை முந்திப் போகவில்லை, வரிசையில் அவர்கள் இருந்ததே இல்லை. இந்தியருக்கு முதல், வெளிநாடுவாழ் இந்தியருக்கு அடுத்து, கடைசியாகத்தான் வெளிநாட்டவர் என்று அப்புறம் கறாராக்கினார்கள். சரிதான். ஆனால் அதனால் மட்டும் கட்ட முடியாதவர் பட்டியலுக்கு வந்துவிடவில்லை.

நாலாவது பெஞ்சு | ஞாயிறு, காலை 8.55

சரி, இதை ஒத்துக்கிறேன். இன்னொண்ணு கேக்குறேன். குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்தவனுக்கு எதுக்கு இன்னொருத்தன் ஈரல்? அதையாவது வடிகட்டலாமே.

பழைய கோஆர்டினேட்டர் | ஞாயிறு, காலை 9.10

வடிகட்ட யாரை உட்கார வைப்பது? அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில், சியாட்டிலில், டயாலிசிஸ் மெஷின் சில பேருக்குத்தான் போதும் என்ற நிலை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டார்கள். ஒருவர்தான் டாக்டர், மற்றவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் மாதிரி. கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளை, சம்பளம் என்ன, சர்ச்சுக்குப் போவாரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962இல் ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, நாடே முகம் சுளித்தது. நம் ஊரில் அப்படி ஒரு கமிட்டி போட்டால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முத்துநகர் | ஞாயிறு, காலை 10.30

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 2024இல் என் தம்பி பைக் விபத்தில் மூளைச்சாவு. 29 வயது. கொடுத்தோம். அரசு மரியாதை என்று கலெக்டர் வந்து மலர்வளையம் வைத்தார். அம்மா அந்த வளையத்தைக் காய்ந்த பிறகும் மூன்று மாதம் எறிய விடவில்லை.

எல்லாரும் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். கையெழுத்துப் போட்ட அன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "யாருக்குப் போகும்?" சொல்லக்கூடாது என்றார்கள். அம்மா, "நல்லவங்களுக்குப் போனாப் போதும்" என்றார். அங்கிருந்த பொண்ணு, "நல்லவங்களுக்குன்னு இல்லம்மா, நோயாளிக்குப் போகும்" என்று மெதுவாகச் சொன்னது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

"இத்தனை வருடம் வாழப் போகிறவருக்கு" என்று அன்று சொல்லியிருந்தால் அம்மா கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கே அப்போது 63.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 10.52

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு மாநிலங்களுக்கு ஓர் ஆலோசனை அனுப்பியது. காத்திருப்புப் பட்டியலில் பெண்களுக்கும், ஏற்கெனவே உறுப்பு கொடுத்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று. இஸ்ரேலில் தானத்துக்குப் பதிந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் முன்னுரிமை உண்டு, சிங்கப்பூரில் தானம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் வரிசையில் பின்னால் போவார். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தேவை வந்தால் முன்னால் நிற்பது நியாயம் என்று நினைப்பீர்களா?

முத்துநகர் | ஞாயிறு, பகல் 11.20

அதற்காகக் கொடுக்கவில்லை. ஆனால் என் அம்மாவுக்கே கிட்னி போனால், அப்போது வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, பகல் 11.45

உறவினர் விஷயம் இருக்கட்டும், பெண்களுக்கு முன்னுரிமை வரவேண்டியதுதான். 2019லிருந்து 2023 வரை நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுத்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் பெண்கள். அதே ஐந்து வருடத்தில் உறுப்பு வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 70 பேர் ஆண்கள். வார்டில் இதற்குக் கணக்கே வேண்டாம். புருஷனுக்குக் கிட்னி போனால் பொண்டாட்டி கையெழுத்துப் போட வந்து நிற்பாள். பொண்டாட்டிக்குப் போனால் அவளே சொல்வாள், "எனக்கு எதுக்கு சிஸ்டர், இப்படியே ஓட்டிட்டுப் போறேன், பிள்ளைங்க படிப்பு இருக்கு."

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12.10

எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் புள்ளி கொடுத்துச் சரிசெய்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஈரலே உதாரணம். 2002இல் அமெரிக்காவில் ஈரலுக்குக் காத்திருந்த காலத்தை ஓரம்கட்டிவிட்டு, பிலிருபின், ரத்தம் உறையும் நேரம், கிரியாட்டினின் மூன்றையும் வைத்து "யார் சீக்கிரம் சாவார்" என்று எண் போட்டார்கள். மெல்டு என்று பெயர். பட்டியலிலேயே சாகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் பெண்களுக்கு உடம்பில் தசை குறைவு, அதனால் அதே அளவு நோய்க்குக் கிரியாட்டினின் குறைவாகக் காட்டும். ஆண் 25 வாங்கும் இடத்தில் பெண் அதற்குக் கீழே நின்றாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 2023இல்தான் பெண்களுக்கு 1.3 புள்ளி கூட்டிப் புது வாய்ப்பாடு வந்தது.

மேலூர்க்காரன் | ஞாயிறு, பகல் 12.18

இருபத்தியொரு வருடம் சார்!

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12.21

ஆமாம். ஆனால் எண்ணாக இருந்ததால்தான் தப்பு கண்ணில் பட்டது. டாக்டர் மனசுக்குள் முடிவெடுத்திருந்தால் இன்றும் தெரிந்திருக்காது.

வெம்பிளி வாசி | ஞாயிறு, பகல் 1.35

நான் இலங்கை, இப்ப இருக்கிறது லண்டன். கணக்குப்பிள்ளை சொல்லுற மாதிரி இங்கயும் 2018இல் ஈரலுக்கு ஒரு முறை கொண்டுவந்தவை. ஆருக்குக் கூடப் பலன் எண்டு கணினி கணிக்கும். கணிக்கிறது அஞ்சு வருசத்துக்கு மட்டும்தான். அதால என்ன நடந்தது? முப்பது வயசுக்காரர் நாப்பது வருசம் இருப்பார் எண்டாலும் கணக்கில அஞ்சுதான். அறுபது வயசுக்காரரும் அஞ்சு. அறுபது வயசுக்காரர் இப்ப கூடச் சாகக் கிடக்கிறார் எண்டு அவருக்கே புள்ளி கூட. இளம் ஆக்கள் கூட நாள் காத்திருக்கினம் எண்டு 2023இல் பத்திரிகையில பெரிய பிரச்சினையாப் போச்சு. அதிக நாள் வாழுறவைக்குக் குடுக்க வேணும் எண்டு நினைச்சுத் தொடங்கினது, மற்றப் பக்கமாத் திரும்பிட்டுது. மேலூர் அண்ணா, உங்கட அப்பா இங்க ஈரலுக்கு நிண்டிருந்தா அந்தத் தம்பியைவிட முன்னுக்கு வந்திருப்பார்.

நாலாவது பெஞ்சு | ஞாயிறு, பகல் 1.44

அப்போ அப்பாவை லண்டனுக்கு அனுப்பிடலாம். பிரச்சினை முடிஞ்சது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, பகல் 2.00

நாலாவது பெஞ்சு, இழை தொடங்கியவர் நிலைமையை நினைத்து எழுதவும். நடுவில் வந்த விலை பேசும் பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறோம். கிட்னி வாங்குவதும் விற்பதும் 1994 சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போகும் பதிவு எதுவும் இங்கே நிற்காது.

பழைய கோஆர்டினேட்டர் | ஞாயிறு, மாலை 4.15

நீக்கியது நல்லது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் எப்படிக் கிட்னி எடுத்தார்கள் என்று எல்லாரும் படித்தோம். அதற்கு முன்னால் சுனாமிக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம், அதற்கும் முன்னால் வில்லிவாக்கத்தைக் "கிட்னிவாக்கம்" என்று கூப்பிட்ட காலம். பட்டியல் நகராத ஊரில் தரகர் நடமாடுவார்.

மேலூர்த் தம்பிக்கு ஒரு விஷயம். ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 1999லிருந்து ஒன்று செய்கிறார்கள். 65 வயதைத் தாண்டிய கொடையாளியின் கிட்னி, 65ஐத் தாண்டிய நோயாளிக்கு. பழையதுக்குப் பழையது. இளையவரோடு போட்டியே இல்லை, காத்திருப்பும் குறைவு. நம் ஊரில் வயதான கொடையாளியின் கிட்னி வந்தால் பல டாக்டர்கள் "எங்கள் நோயாளிக்கு வேண்டாம்" என்று தள்ளிவிடுவார்கள், கடைசியில் யாருக்கும் போகாது. அப்பாவின் டாக்டரிடம், வயதான கொடையாளியின் கிட்னி என்றாலும் சம்மதம் என்று பைலில் எழுதி வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் அப்படி எழுதி வாங்குவார்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 4.40

இது வயதைப் பார்க்கிற விதிதானே, கவனித்தீர்களா? நான் முதலில் சொன்னதும் இதுதான். ஆனால் நீங்கள் சொல்லும்போது யாருக்கும் கோபம் வரவில்லை.

பழைய கோஆர்டினேட்டர் | ஞாயிறு, மாலை 4.52

நான் "உங்கள் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்" என்று தொடங்கினேன். நீங்கள் "என்ன கிடைக்கக் கூடாது" என்று தொடங்கினீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வராந்தாவில் நின்றால் அதுதான் எல்லாமே.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7.30

மேலூர்த் தம்பி, காலையிலிருந்து ஒன்று மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. வரிசையையும் வயதையும் விடுங்கள். அன்று அப்பாவுக்குக் கிட்னி கிடைக்காததற்கு இரண்டுமே காரணம் இல்லையே? வரிசையில் முன்னால்தான் இருந்தார், வயதைக் காட்டி யாரும் தள்ளவில்லை. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ். அப்படியென்றால் அப்பா ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வேற்று உறுப்பை எதிர்க்கும் பொருள், இருக்கிறது. ஆண்களுக்குச் சும்மா வராது. முன்பு வைத்த உறுப்பு ஏதாவது உண்டா? இல்லையென்றால், அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்களா? எத்தனை முறை?

மேலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 7.48

ஏற்றினார்கள். முதல் வருடத்தில் ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்துவிட்டது. ரத்தம் ஊறுவதற்கு வாரம் இரண்டு முறை போடும் ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்குங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் வாங்க முடியவில்லை. அதற்குப் பதிலாக ரத்தம் ஏற்றலாம் என்றார்கள். அது தப்பா?

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 8.05

உயிரைக் காப்பாற்ற ஏற்றியது தப்பில்லை. ஆனால் ரத்தம் ஏற ஏற, வேறு மனிதர்களின் அணுக்களை உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு கிட்னி வரும்போது, "இதை எனக்குத் தெரியும், எதிரி" என்று பாயும். அந்த ஊசி ஒழுங்காகக் கிடைத்திருந்தால் பாதி ரத்தம் ஏற்றியிருக்க வேண்டியதில்லை.

நாளைக்கே மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, ஆன்டிபாடி அளவு கடைசியாக எப்போது பார்த்தார்கள், பழைய ரத்த மாதிரியை வைத்தே பட்டியலில் ஓட்டுகிறார்களா. இரண்டு, இனி ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க ஊசியும் இரும்புச்சத்தும் காப்பீட்டிலோ மாவட்ட அளவிலோ கிடைக்க வழி உண்டா. தவிர்க்கவே முடியாது என்றால் வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். மூன்று, இதுவரை எத்தனை யூனிட் ஏறியது என்பதைத் தேதியோடு எழுதி பைலில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.20

இங்கே ஆன்டிபாடி அதிகம் உள்ளவர்களுக்குப் பட்டியலில் தனியாக நிறையப் புள்ளி கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சேரும் கிட்னி எப்போதாவதுதான் வரும். ஊசி வாங்க முடியாததால் ஆன்டிபாடி வந்தது என்று ஒரு கட்டம் எந்த வாய்ப்பாட்டிலும் நான் பார்த்ததில்லை. ரத்தம் ஏறிய தேதிகளும், கடைசி ஆன்டிபாடி ரிப்போர்ட்டும் கிடைத்தால், பெயரை மறைத்துவிட்டுத் தனி மடலில் அனுப்புங்கள். டாக்டரிடம் என்ன கேட்பது என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

மேலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.55

அப்பாவின் மஞ்சள் பையைக் கொட்டித் தேடினேன். டிஸ்சார்ஜ் சீட்டுகளை அம்மா தேதி வாரியாக நூலில் கோத்து வைத்திருக்கிறார். இதுவரை எண்ணியதில் ஏழு யூனிட். இரண்டு சீட்டில் மை அழிந்திருக்கிறது, காலையில் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஆன்டிபாடி ரிப்போர்ட் ஒன்றுதான் இருக்கிறது, பதிந்த அன்று எடுத்தது.

அப்பா இன்னும் தூங்கவில்லை. என்னடா தேடுற என்றார். சொன்னேன். "அப்ப வயசு காரணம் இல்லையா" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.